எலுமிச்சம் தோல் தின்கிற மாடு

சாராயமும் இல்லை, கள்ளும் இல்லை. இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்தால் உன் கத்தரிக்காயை எல்லாம் ரோட்டில் கொட்டிவிடுவேன் என்று நீரஜாவிடம் சொன்னேன். மந்தைவெளியில், காலை ஒன்பது மணிக்கு, காய்கறி வண்டி பக்கத்தில், நாலு பேர் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். வண்டிக்காரர் தராசைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

நீரஜா பக்கத்துக் கட்டிடத்தில் இருப்பவள். கெட்டவள் இல்லை. காதில் விழுந்ததைத் தன்னிடமே வைத்துக்கொள்ளத் தெரியாது, அவ்வளவுதான்.

“நானா சொல்றேன் பாட்டி? தெருவே சொல்லுது. உங்க எதிர் வீட்டு அம்பி சார் வெல்லம் வாங்குறார், பை பையா பழத்தோல் கொண்டுவர்றார். ரெண்டையும் தண்ணியில போட்டு, பாட்டில்ல மூடி, பின்பக்க பால்கனியில வெச்சிருக்கார். அதுலேர்ந்து என்ன வரும், பாயசமா வரும்?”

“உன் தலை வரும். நீ போய்ப் பாத்தியா? மோந்து பாத்தியா?”

“பாட்டில் வெடிச்சுதாமே!”

“சோடா பாட்டில்கூடத்தான் வெடிக்கும். சோடாக்காரன்லாம் சாராயமா காச்சிக்கினு கீறான்?”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் பேத்தியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். அழகாக இருக்கட்டும் என்று அவளாக ஒன்றும் சேர்க்கக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு.

நீரஜா சொன்ன கணக்கில் தப்பு இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெல்லம், பழத்தோல், தண்ணீர், மூடிய பாட்டில். முதல் நாள் பார்த்தபோது எனக்கே அந்தச் சந்தேகம்தான் வந்தது. அம்பியைத் தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

அம்பிக்கு அறுபத்திரண்டு வயது. வேறு பெயர் ஒன்று உண்டு, அது ரேஷன் கார்டில் இருக்கிறது. இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து ரிடையர் ஆனவன். தலை முழுக்க வெள்ளை. அந்தத் தலையை வைத்துக்கொண்டு என்னைப் “பாட்டி” என்று கூப்பிடுவான். இரண்டாவது மாடியில் அவன் கதவும் எங்கள் கதவும் நேருக்கு நேர். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மனுஷன் தங்கம். ஆனால் வீட்டு வேலை என்று வந்தால் ஒரு துரும்பை நகர்த்தமாட்டான். காபி குடித்த டம்ளர் குடித்த இடத்திலேயே இருக்கும். அது தானாக நடந்து சிங்க்குக்குப் போய்ச் சேரும் என்று முப்பத்தைந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தவன். துடைப்பத்துக்கு எது தலை, எது கால் என்று அவனுக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

அவன் மனைவி ஸ்ரீரஞ்சனி பாட்டு சொல்லிக் கொடுப்பவள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏழெட்டுப் பெண் குழந்தைகள் பாயில் வரிசையாக உட்காரும். கேட்டுக் கேட்டு எனக்கே பாதி வரும். அவள் மட்டும் தனியாகப் பாடும்போது நான் டிவியை அணைத்துவிடுவேன். சீரியலை நாளைக்கும் போடுவான்.

போன வைகாசியில்தான் எல்லாம் நடந்தது. வீட்டு வேலைக்கு வருகிற பெண் ஒரு மாதம் லீவு. ஸ்ரீரஞ்சனி திருவல்லிக்கேணியில் இருக்கும் அக்காவைப் பார்க்கக் காலையிலேயே போய்விட்டாள். அம்பிக்கு அன்றைக்கென்று ஒரு ஆசை வந்தது: அவள் திரும்பி வருவதற்குள் பாத்ரூமைப் பளபளவென்று ஆக்கி வைக்க வேண்டும். கடைக்குப் போய் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் ஒரு பாட்டில் வாங்கினான். பிளீச்சிங் பவுடரும் ஒரு பாக்கெட் வாங்கினான். ஒன்று இவ்வளவு வெளுக்கும், இன்னொன்று இவ்வளவு வெளுக்கும், இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்பாக வெளுக்கும். படித்தவன் போட்ட கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் கொட்டி, நன்றாக ஊறட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, ஹாலில் மின்விசிறிக்குக் கீழே பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டான்.

ஸ்ரீரஞ்சனி எங்கே போய்விட்டு வந்தாலும் நேராகப் போய்க் காலைக் கழுவிவிட்டுத்தான் உட்காருவாள். அன்றும் அப்படித்தான் போனாள். உள்ளே பச்சையும் மஞ்சளுமாகப் புகை. ஒரு மூச்சு இழுத்திருப்பாள். அவன் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தான்.

பிழைத்தாள். ஒன்பது நாள் இருமினாள். பத்தாவது நாள் பேச வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான். உள்ளே வெந்திருக்கிறது. ஆறும், ஆனால் மெதுவாக. அதுவரை பினாயில், ஆசிட், ஸ்பிரே, ஊதுவத்தி எதுவும் கிட்டே வரக் கூடாது. இன்னொரு தடவை இதுமாதிரி புகை ஏறினால் பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

அதற்கப்புறம் நாலு மாதம் அந்த வீட்டில் ஒரே கேள்விதான், அவளுக்குக் குரல் திரும்புமா, திரும்பாதா. விஜயதசமி அன்று மறுபடி வகுப்பு ஆரம்பிக்கலாம் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். அதுவும் பேப்பரில் எழுதிக் காட்டித்தான் சொன்னாள்.

பாத்ரூமில் நடந்தது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. “தூசி ஒத்துக்கலை” என்று அவள் எல்லோருக்கும் ஒரே பதிலாகச் சொல்லிவிட்டாள். புருஷன் பேரை இழுக்க மனசில்லை. அவனுக்கும் சொல்ல வாய் வரவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், எப்போதும் திறந்தே கிடக்கும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. கதவின் அடியில் ஈரத்துணி ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

ஒருநாள் அம்பி என் வாசலில் வந்து நின்றான்.

“பாட்டி, ஒரு உபகாரம். வாசல்ல பினாயில் விட்டுத் துடைக்கறேளே, அதைக் கொஞ்சம் நிறுத்தப்படாதா?”

“ஏன்?”

“வாசனை... கொஞ்சம் தூக்கலா இருக்கு.”

“பினாயில் வாசனையா தூக்கல்? அந்த வாசனை வந்தாத்தான் வீடு தொடச்சாப்ல கீது. நீ என்னிக்கு அம்பி தரையைக் குனிஞ்சு பாத்த?”

அவன் அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டான். எனக்கு இன்னும் பிடிவாதம் ஏறியது. ஒரு மூடி விட்டுக்கொண்டிருந்தவள் ஒன்றரை மூடி விட ஆரம்பித்தேன். பேத்தி முறைக்கிறாள். முறைக்கட்டும். இதையும் எழுது.

அம்பி உள்ளே என்ன செய்தான் என்பதை இனிமேல் சொல்கிறேன். கடையில் விற்கிற எந்த பாட்டிலும் இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று தனக்குத்தானே சபதம் போட்டுக்கொண்டான். அதோடு நிற்கவில்லை. பெருக்குவது, துடைப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் தானே செய்வது என்று முடிவு. வேலைக்காரப் பெண் லீவு முடிந்து வந்தபோது, துணி மடிக்கவும் காய் நறுக்கவும் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டான். அவள் கீழே இறங்கும்போது என்னைப் பார்த்து நெற்றிப்பொட்டில் விரலைச் சுற்றிக் காட்டிவிட்டுப் போனாள்.

செய்வதையும் ஒளித்துச் செய்தான். ஆபீசில் ஆபீசராக இருந்த மனுஷன் குனிந்து தரை துடைப்பதை நாலு பேர் பார்த்துவிடுவார்களே! திரையை இழுத்துவிட்டு, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு துடைப்பான். யாராவது மணி அடித்தால் துடைப்பத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கையில் பேப்பரோடு வந்து திறப்பான். முழங்கை வரை நுரை இருக்கும்.

“இன்னா அம்பி, பேப்பர் படிச்சா நுரை தள்ளுதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சேதி அப்படி இருக்கு பாட்டி” என்றான். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

நுரை பூந்திக்கொட்டையின் நுரை. மயிலாப்பூரில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் முதலில் பொடியாக வாங்கி வந்தான். பொட்டலத்தைப் பிரித்ததுதான் தாமதம், வீடே தும்மியது. ஸ்ரீரஞ்சனியை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலை எல்லாம் திறந்து, ஒரு மணி நேரம் ஈரத்துணியால் துடைத்தான். மறுநாள் கடைக்காரர் சொன்னாராம், “தும்மல் வரவங்க முழுக் கொட்டையா வாங்கணும் சார். கொட்டையை உடைச்சு விதையை எடுத்துட்டு, ராத்திரி ஊறப்போட்டு, காலையில பிசைஞ்சு வடிகட்டுங்க.” அதற்கப்புறம் அப்படியே செய்தான். பாத்திரத்துக்கும் அதுதான், தரைக்கும் அதுதான். தேய்க்கத் தேங்காய் நார். குத்துவிளக்குக்குப் புளி. எண்ணெய்ப் பிசுக்குக்கு அரிசி கழுவிய தண்ணீரும் சீயக்காயும், அதையும் ஈரமாகக் குழைத்துத்தான். என் மாமியார் இருந்திருந்தால் இதற்கெல்லாமா நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் பாடம் கேட்டாய் என்று சிரித்திருப்பாள். நானும் சிரித்தேன்.

ஒரு தடவை எலுமிச்சம்பழம் கறையை எடுக்கும் என்று போனில் எவனோ சொன்னதைக் கேட்டு, பத்துப் பழத்தை ஹால் தரையில் பிழிந்து ஊறவிட்டான். அது பழைய மொசைக் தரை. புளிப்பு பட்டால் பளபளப்பைத் தின்றுவிடும். காய்ந்ததும் பார்த்தால் நட்டநடு ஹாலில் மங்கலாக ஒரு திட்டு.

ஸ்ரீரஞ்சனி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து காற்றுக் குரலில் சொன்னாள்: “நம்மாத்துல இலங்கை வந்துடுத்து பாட்டி. யாழ்ப்பாணம்கூடத் தெரியறது.”

அவள் அந்த மாதத்தில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

கழிவறைக்கும் வாஷ்பேசினுக்கும் என்ன செய்வது என்று யோசித்துத்தான் பாட்டிலுக்கு வந்து சேர்ந்தான். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், பத்துப் பங்கு தண்ணீர். மூடி வைத்து மூன்று மாதம் காத்திருந்தால் கறை எடுக்கிற தண்ணீர் கிடைக்கும். ஒரு மூடி எடுத்து ஒரு வாளியில் கலந்தால் போதும், தொண்டை கமறாது. ஆனால் முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து உள்ளே சேர்ந்த காற்றை வெளியே விட வேண்டும். இல்லாவிட்டால் பாட்டில் உப்பும்.

அவ்வளவு தோலுக்கு எங்கே போவான்? மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஷாஹுல் ஹமீது பாய் ஜூஸ் கடை வைத்திருக்கிறார். பிழிந்த தோல் அங்கே தினமும் ஒரு கூடை சேரும். அம்பி மத்தியானத்தில் பையோடு போய் நிற்பான். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, தரை துடைக்க என்று சொல்ல வெட்கம். “மாட்டுக்கு” என்றிருக்கிறான்.

பாய் ஒன்றும் சொல்லாமல் ஒரு மாதம் கொடுத்தார். பிறகு ஒருநாள் நானும் அங்கே மோர் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்:

“சார், கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அது இன்னா மாடு சார்? நானும் ஆட்டுக்கு, மாட்டுக்கு, கோழிக்குன்னு எல்லாத்துக்கும் போட்டுப் பாத்துட்டேன். எலுமிச்சம் தோலை எதுவும் மோந்துகூடப் பாக்காது. உங்க மாடு மட்டும் கிலோ கிலோவா துன்னுதே!”

“அது... ஒரு மாதிரி மாடு பாய்.”

“பால் குடுக்குதா?”

“இன்னும் இல்லை. மூணு மாசம் ஆகும்.”

பாய் என்னைப் பார்த்தார். நான் மோர் டம்ளரைப் பார்த்தேன்.

இதையெல்லாம் சேர்த்து வைத்துத்தான் கட்டிடத்தில் பேச்சு கிளம்பியது. மூடிய கதவு, இழுத்துவிட்ட திரை, இல்லாத மாடு, வெல்லம், பின்பக்கத்திலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு வரிசையாகப் ‘புஸ், புஸ், புஸ்’ என்று ஒரு சத்தம். நானும் கேட்டேன். ஒரு நாள் ஸ்ரீரஞ்சனி என் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமில் நடந்ததைச் சொன்னாள்.

“அவர் ராத்திரி தூங்கறதே இல்லை பாட்டி. எழுந்து உட்கார்ந்துண்டு என் மூச்சைக் கேட்டுண்டிருக்கார். ஊரெல்லாம் என்னமோ பேசறதே, சொல்லிட்டா என்னன்னேன். ‘சாராயம் காய்ச்சறவன்னு சொன்னாலும் பரவாயில்லை, பெண்டாட்டி தொண்டையைப் பொசுக்கினவன்னு என் வாயால சொல்ல முடியலை’ங்கறார். நீங்களும் யார்கிட்டயும் சொல்லப்படாது.”

சொல்லவில்லை. என் வயிற்றில் ஒரு விஷயம் நிற்காது என்று என் மருமகள் சொல்லுவாள். இது நின்றது. அவள் போன பிறகு, வாசலுக்கு வைத்திருந்த பினாயில் பாட்டிலை எடுத்தேன். பாதிக்கு மேல் இருந்தது. கொட்ட மனசு வரவில்லை. பட்டினப்பாக்கத்தில் இருக்கும் என் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். அம்பியிடம் நான் நிறுத்திவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. அவனுக்கு மூக்கு இருக்கிறதே, தெரிந்துகொள்ளட்டும்.

புரட்டாசி பிறந்தபோது அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. பாட்டு வரவில்லை. காலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்வரத்தைப் பிடிப்பாள். அது நிற்கும். அடுத்ததற்குப் போனால் இருமல். ஒருநாள் இரண்டு நின்றது. ஒருநாள் மூன்று. என் வாசலில் காதை நீட்டிக்கொண்டு நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அம்பியும் எண்ணியிருப்பான்.

நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த பாட்டில் வெடித்தது.

அது புதிதாகக் கலந்து வைத்த பாட்டில். டாக்டரிடம் போனது, கொலு பொம்மை இறக்கியது என்று இரண்டு நாள் மூடியைத் திறக்க மறந்துவிட்டான். நல்ல வெயில். மத்தியானம் மூன்று மணிக்கு டமார் என்றது. தோலும் வெல்லத் தண்ணீருமாகக் கீழே கொட்டியது. நேர் கீழே, முதல் மாடி பால்கனியில், பரத்வாஜின் எட்டுமுழ வேஷ்டி காய்ந்துகொண்டிருந்தது.

பரத்வாஜ்தான் எங்கள் கட்டிடத்துச் சங்கத்தின் செயலாளர். நாற்பது வயது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. குழாயில் தண்ணீர் ஒழுகினாலும் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறவன். வேஷ்டியை மோந்து பார்த்துக்கொண்டே மாடி ஏறி வந்தான். பின்னால் நாலைந்து பேர். நான் என் கதவைத் திறந்து ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

“மாமா, தப்பா எடுத்துக்கப்படாது. இது என்ன வாசனைன்னு நீங்களே சொல்லுங்கோ.”

அம்பி மோந்து பார்த்தான். “வெல்லம்.”

“வெல்லம் ஏன் மாமா வெடிக்கறது?”

“வெயில்.”

“ஜூஸ் கடை பாய்கிட்ட மாட்டுக்குன்னு தோல் வாங்கிண்டு வரேளாமே. ரெண்டாவது மாடியில மாடு எங்கே மாமா இருக்கு?”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்பி சமையலறை வாசலை இரண்டு கையாலும் மறித்துக்கொண்டு நின்றான். பால்கனிக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். அவன் நிற்பதைப் பார்த்தால் உள்ளே பானை வைத்துக் காய்ச்சிக்கொண்டிருக்கிறான் என்று நானே சாட்சி சொல்லியிருப்பேன்.

“சரி, அதை அப்புறம் பேசலாம்” என்றான் பரத்வாஜ். “இன்னொண்ணு சொல்லத்தான் வந்தேன். ஆயுத பூஜை வரதுன்னு படிக்கட்டு முழுக்க ஆசிட் வாஷ் பண்ண ஆள் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை வரா. மூணு மாடியும். அன்னிக்கு எல்லாரும் வாசலைக் காலி பண்ணி வெச்சுடுங்கோ.”

அம்பியின் கை இரண்டும் தானாகக் கீழே இறங்கின.

“ஆசிட்டா? எங்காத்து வாசல்லயா?”

“கறை எப்படிப் படிஞ்சிருக்கு பாத்தேளா? வேற எதுக்கும் போகாது மாமா.”

“வேண்டாம்டா.”

“ஏன் மாமா?”

 காரணம் எனக்குத் தெரியும், ஆனால் யாரிடமும் சொல்வதில்லை என்று அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்டூலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளே அறையில் ஸ்ரீரஞ்சனி இருமுவது கேட்டது. சின்ன இருமல்தான். அதைக் கேட்டதும் அம்பி பின்பக்கம் திரும்பி நடந்தான்.

“உள்ள வாங்கோ. எல்லாரும் வாங்கோ.”

நானும் எழுந்து பின்னால் போனேன். பால்கனியில் முப்பது பாட்டில், வரிசையாக. ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டியிருந்தது. ஆபீஸ் புத்தி போகுமா? அவன் ஒன்றைத் திறந்து ஒரு மூடி எடுத்து, வாளித் தண்ணீரில் விட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து துடைப்பத்தை இழுத்து, எல்லோர் முன்னாலும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் ஓர் ஓரத்தைத் தேய்த்துக் காட்டினான்.

“இதுக்குத்தான். வேற ஒண்ணுமில்லை.”

“ஆத்துல யார் மாமா துடைக்கறா?”

“நான்தான்.”

“பாத்திரம்?”

“அதுவும் நான்தான்.”

சாராயம் என்றிருந்தால்கூட அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள். ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்பிக்குக் காது வரை சிவந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

“சிரிங்கோ. அவளுக்குத் தூசி ஒத்துக்கலைன்னு சொன்னாளே, அது பொய். எனக்காகச் சொன்ன பொய். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணாக் கொட்டினவன் நான். கதவைச் சாத்தி வெச்சவன் நான். அவ தொண்டையைப் பொசுக்கினது நான்தான்டா. இப்போ மூணு ஸ்வரம் வந்திருக்கு. நாலாவது வரணும். ஞாயித்துக்கிழமை இந்த வாசல்ல ஆசிட்டைக் கொட்டினா அந்த மூணும் போயிடும்.”

ஸ்ரீரஞ்சனி அறை வாசலில் வந்து நின்றாள். “போறும், விடுங்கோன்னா” என்றாள். சொல்லிவிட்டு அவன் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாத்தினாள்.

பரத்வாஜ் நல்ல பையன்தான். முகம் சின்னதாகிவிட்டது. ஆனால் செயலாளர் ஆயிற்றே.

“சொல்லியிருக்கலாமே மாமா. எனக்குத் தெரியாது. ஆனா கறை இருக்கே. எல்லாரும் என்னைத்தான் கேப்பா.”

“கறை போனா ஆளை வேண்டாம்னு சொல்லிடுவியா?”

“போனா சொல்லிடறேன். யார் பண்ணுவா?”

“நான் பண்றேன். சனிக்கிழமைக்குள்ள. மூணு மாடியும்.”

“நீங்களா? படிக்கட்டுலயா? போறவா வரவா எல்லாரும் பாப்பாளே மாமா!”

 அவர்கள் போனதும் அம்பி கதவைச் சாத்திக்கொண்டான். ஈரத்துணியை அடியில் தள்ளுகிற சத்தமும் கேட்டது.

மறுநாள் முழுக்க அந்தக் கதவு திறக்கவில்லை. பேசிவிட்டானே தவிர, செய்யமாட்டான் என்றுதான் நான் நினைத்தேன். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன், அவன் வெட்கம் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. செய்தால் இந்நேரம்தான் செய்வான், ஒரு ஈ காக்காய் இருக்காது என்று கதவைத் திறந்து பார்த்தேன். படிக்கட்டு காய்ந்து கிடந்தது. ஐந்துக்குப் பார்த்தேன். ஆறுக்குப் பார்த்தேன். எனக்கு வயிற்றெரிச்சல். பயந்தாங்கொள்ளி, ஒரு பொம்பளையின் குரலைவிட இவனுக்கு இவன் கௌரவம் பெரிதாகப் போய்விட்டதா என்று திட்டிக்கொண்டே காபி போட்டேன்.

எட்டரை மணி. எங்கள் படிக்கட்டில் கால் வைக்க இடம் இருக்காத நேரம். பள்ளிக்கூடப் பை, ஆபீஸ் பை, பால் கூடை, ஸ்கூட்டர் சாவியை மறந்துவிட்டு மறுபடி மேலே ஓடுகிறவர்கள். அப்போதுதான் எதிர்க் கதவின் தாழ் விலகியது.

அம்பி வெளியே வந்தான். வேஷ்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான். தோளில் துண்டு. ஒரு கையில் பூந்திக்கொட்டைத் தண்ணீர் வாளி, ஓரம் வரை நுரை. இன்னொரு கையில் துடைப்பமும் தேங்காய் நாரும். மேல் படியில் இருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். கீழ்ப் படியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“இன்னா அம்பி,” என்றேன், “நாலு மணிக்கு வந்திருந்தா ஒருத்தரும் பாத்திருக்கமாட்டாங்களே.”

“இருட்டுல கழுவினா கறை எப்படிப் பாட்டி தெரியும்?”

சொல்லிவிட்டு வாசல்படியைத் தாண்டி வந்து வாளியை நடு லேண்டிங்கில் வைத்தான்.  குனிந்து முதல் குவளையைக் கொட்டித் தேய்க்க ஆரம்பித்தான். முதலில் மெதுவாக. பிறகு எங்கள் கட்டிடத்தில் வேலை செய்கிற எந்தப் பெண்ணும் தேய்க்காத அளவுக்கு, கம்பிக்கும் படிக்கும் நடுவில் விரலை விட்டு.

மூன்றாம் மாடிக்குப் போவதற்காகப் பரத்வாஜ் கையில் போனோடு ஏறி வந்தான். போட்டோ எடுக்கத்தான் வந்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது. அம்பியைப் பார்த்ததும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“கொஞ்சம் வழி விடறேளா மாமா?”

அம்பி தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: “செருப்பைக் கையில எடுத்துண்டு போடா. ஈரமா இருக்கோல்லியோ.”

செயலாளர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓரமாக, சுவரைப் பிடித்தபடி ஏறிப் போனான். அவன் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். அம்பிக்குப் பின்னால் அவன் வீட்டுக் கதவு அகலத் திறந்தே கிடந்தது. சாத்த வேண்டும் என்பதே அன்றைக்கு அவனுக்கு மறந்து போயிருந்தது.